தறி கண்டவரும் நாற்காலி கொண்டவரும்

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சென்னைத் தியாகராய நகருக்குச் சென்றவர்கள் அறிவார்கள். உஸ்மான் சாலையில் நாம் நடப்பதில்லை. கூட்டம் நம்மை நடத்திச் செல்லும். பட்டும் பருத்தியும் மலைபோல் குவிந்திருக்கும் அந்தக் கடைகளுக்குள் நுழையும் மக்களுள் எத்தனை பேருக்குத் தெரியும், அந்நகருக்குப் பெயர் தந்த மனிதரே ஒரு துணி உற்பத்தியாளர் என்பது? தியாகராயர் என்றதும் நம் விடுதி நண்பர் ஒருவர் திருவையாற்றை நினைத்துக்கொண்டார். கீர்த்தனை பாடிய பெரியவருக்கு நூறு வணக்கம். ஆனால் நகரின் பெயர் அவரால் வந்ததன்று. சர் பிட்டி தியாகராயச் செட்டியாரால் வந்தது.

அவரைப் பற்றி நம் மன்ற இதழ்களில் புகழுரைகள் வராமலில்லை. "வெள்ளுடை வேந்தர்" என்பார்கள். "பதவி துறந்த பண்பாளர்" என்பார்கள். முதற் பட்டம் அவருடைய உடைக்குரியது. அதில் எனக்கு வழக்கில்லை. இரண்டாம் பட்டத்தில்தான் எனக்கு வழக்குண்டு. பதவியைத் துறந்தது பண்பா, பிழையா என்று கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். விஞ்ஞானம் படிக்கும் நமக்கு இக்கேள்வி எதற்கு என்று எண்ண வேண்டாம். நாளைக்கு ஆலையிலும் ஆய்வுக்கூடத்திலும் பொருள் செய்யப் போகிறவர்கள் நாம். பொருள் செய்கிறவன் சட்டம் செய்யும் இடத்திற்குப் போகலாமா? போனால் எங்கே உட்கார வேண்டும்? கேள்வி இதுதான்.

முதலில் மனிதரைப் பார்ப்போம். 1852 ஏப்ரல் 27-இல் பிறந்தார். நெசவையே குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் குடும்பம்; வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. மாநிலக் கல்லூரியில் படித்து 1876-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்நாளில் பட்டம் பெற்றவர்களுக்கு இரண்டு வாசல்கள் திறந்திருந்தன: ஒன்று சர்க்கார் உத்தியோகம், மற்றொன்று நீதிமன்றம். இவர் இரண்டிலும் நுழையவில்லை. தறிக்குத் திரும்பினார். வடசென்னையில் அவருடைய நெசவுச்சாலையில் நூறு தறி அளவுக்கு ஓடின. தோல், உப்பு வாணிகமும் குடும்பத்திற்கு உண்டு. ஆயினும் அவரைத் தனித்துக் காட்டுவது தறிதான். ஏனெனில் அத்தறிகளில் விசை நாடா ஓடிற்று.

விசை நாடா என்றால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பழைய குழித்தறியில் நெசவாளி ஊடை நூலைச் சுமந்த நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். துணியின் அகலம் அவன் கைவீச்சின் அகலத்தைத் தாண்டாது. எறிந்த கையே அச்சையும் அடிக்க வேண்டும். 1733-இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் இதை மாற்றினார். பாவின் இரு ஓரங்களிலும் இரு பெட்டிகள். நடுவே நாடா ஓட ஒரு தடம். நெசவாளி கயிறு ஒன்றைச் சுண்டினால் நாடா இப்பெட்டியிலிருந்து அப்பெட்டிக்கு ஓடும். ஒரு கை முழுவதும் விடுதலை பெறுகிறது. அகலமும் கூடுகிறது, வேகமும் கூடுகிறது. நீராவி இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு கயிறும் இரண்டு பெட்டிகளும்தாம். இயற்பியல் படிப்பவர்களுக்கு இது மிக எளிய சமாச்சாரம். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கையால் எறிந்து பழகியவனிடம் சென்று, "அப்பா, இனிக் கயிற்றை இழு" என்று சொல்லி அவனை இணங்க வைப்பது இயற்பியலன்று, அரசியல். தியாகராயர் அரசியலை முதலில் தறிக்குழியில்தான் கற்றிருப்பார் என்பது என் எண்ணம்.

1882-இல் சென்னை நகராண்மைக் கழகத்தில் உறுப்பினரானார். அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அந்த அவையை விட்டு அகலவில்லை. சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பேசிப் பேசி நரைத்தவர் அவர். தென்னிந்திய வர்த்தகச் சபை 1909-இல் தோன்றியபோது அதைத் தோற்றுவித்தோருள் ஒருவர்; 1910 முதல் 1921 வரை அதன் தலைவர். 1920-இல் நகராண்மைக் கழகத்தின் தலைவராக அமர்ந்தார். அரசு அலுவலர் அல்லாத ஒருவர் அந்த ஆசனத்தில் அமர்ந்தது அதுவே முதன்முறை. அவ்வாண்டு செப்டம்பர் 16-இல் கழகம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த கழகப் பள்ளியின் பிள்ளைகளுக்குப் பகலில் சிற்றுண்டி வழங்க வேண்டும். செலவு பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவை மீறக்கூடாது. பின்னர்ச் சில பள்ளிகளுக்கும் அது பரவியது. 1925-இல் நிதியைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. காமராசர் காலத்துப் பகலுணவும், பின்வந்த சத்துணவும், 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காலைச் சிற்றுண்டியும் அந்த ஓர் அணாவின் வழித்தோன்றல்களே.

"ஓர் அணாவை மீறக்கூடாது" என்ற வாசகத்தில் எனக்கு ஓர் ஈடுபாடு. கருணை பேசுவோர் பலர். கருணைக்கு விலை எழுதுவோர் சிலர். நூல் சிப்பம் என்ன விலை, தார் சுற்றக் கூலி என்ன, ஒரு முழம் துணியில் எவ்வளவு அடக்கம் என்று நாள்தோறும் கணக்குப் பார்ப்பவரின் தொழிற்புத்தி அதில் இருக்கிறது. ஆக்குவோர் அவைக்குப் போவதால் கிடைக்கும் முதற்பயன் அதுவே என்பேன்.

இனி 1920 இறுதிக்கு வருவோம். 1916-இல் டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் சி. நடேச முதலியார் ஆகியோருடன் கூடித் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை நிறுவியவர் தியாகராயர். அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கை அவர் பெயரில்தான் வந்தது. நீதிக்கட்சி என்று நாம் அறிவது அச்சங்கத்தையே. மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920 நவம்பரில் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. சொத்துள்ளவர்களுக்கே வாக்கு. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களுள் 63 இடங்களை அக்கட்சி பெற்றது. கவர்னர் வெலிங்டன் பிரபு அமைச்சரவை அமைக்கத் தியாகராயரை அழைத்தார். அவரோ மறுத்தார். கடலூர் சுப்பராயலு ரெட்டியாரைக் காட்டினார். டிசம்பர் 17-இல் ரெட்டியார் முதலமைச்சராகப் பதவியேற்றார்.

புகழ்மாலைகள் தொடுக்கப்படும் இடம் இது. "கையில் வந்த கிரீடத்தைக் கழற்றி வைத்தார்" என்று மேடைகளில் கை தட்டுகிறோம். நான் கை தட்ட மாட்டேன்.

ஏன்? அந்த அமைச்சரவையில் அமர்ந்தவர்கள் யார்? ரெட்டியார் நிலக்கிழார். பின்னாளில் பனகல் அரசர் எனப்பெற்ற இராமராயநிங்கார் ஜமீன்தார். தொழில்துறையை உள்ளடக்கிய வளர்ச்சித் துறையை ஏற்ற கே. வெங்கட ரெட்டி நாயுடு வழக்கறிஞர். மூவரும் தகுதியற்றவர் என்று நான் சொல்லவில்லை. 1921-இல் பெண்களுக்கு வாக்குரிமை அளித்த அவை அந்த அவை. தொழில்களுக்கு அரசு கடன் கொடுத்துத் தாங்குவதற்கான சட்டம் செய்ததும் அந்த ஆட்சியே. ஆனால் அச்சட்டத்தைப் பற்றி அவையில் விடை சொல்ல வேண்டிய நாற்காலியில், தன் கையால் ஒரு தொழிலை நடத்திக் கண்டவர் ஒருவரும் இல்லை. நடத்திக் கண்டவர் இருந்தார். ஆனால் அந்த நாற்காலியில் இல்லை. உறுப்பினர் வரிசையில், கட்சித் தலைவராக, 1925-இல் மறையும் வரை இருந்தார்.

தலைவருக்கும் அமைச்சருக்கும் வேறுபாடு என்ன? அமைச்சரைக் கேள்வி கேட்கலாம். "இவ்வாண்டு எத்தனை நெசவாளருக்குக் கடன் கொடுத்தீர்? கொடுக்காததற்குக் காரணம் என்ன?" என்று எதிர்வரிசையில் இருக்கும் யாரும் எழுந்து கேட்கலாம், அவர் எழுந்து விடை சொல்லியாக வேண்டும். அமைச்சர்களை ஆக்கும் தலைவரை அப்படிக் கேட்க முடியாது. அதிகாரம் அவரிடம், விடை வேறொருவரிடம்! இதைத் துறவு என்று சொல்ல என் நா எழவில்லை.

"தம்பி, இரட்டை ஆட்சியை மறந்தாயா? நிதியும் போலீசும் வெள்ளையர் கையில், அமைச்சர் நாற்காலி வெறும் மரச்சட்டம்" என்று வரலாறு படிக்கும் நண்பர்கள் சொல்வார்கள். மறக்கவில்லை. ஆயினும் அந்த மரச்சட்டத்திலும் கேள்வி நேரம் என்ற ஒன்று இருந்ததே!

இங்கே ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவிலிருந்து ஒருவரை அழைக்கிறேன். பெயர் நேதன் ஆப்பிள்டன். 1779-இல் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். பாஸ்டன் நகர வணிகர். பிரான்சிஸ் கேபட் லோவல் என்பவருடன் சேர்ந்து 1813-இல் பாஸ்டன் மானுபாக்சரிங் கம்பெனியைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அக்கம்பெனி வால்தமில் கட்டிய ஆலையில் பஞ்சு ஒரு வாசலில் நுழைந்து துணியாக மறு வாசலில் வெளிவந்தது. நூற்பும் நெசவும் ஒரே கூரையின்கீழ் இயந்திரத்தால் நடந்தன. லோவல் என்ற ஆலைநகரம் எழுந்ததும் இவர்கள் முயற்சியாலேயே.

அவர்களுக்குப் பகை யார் தெரியுமா? நாம்தான். இந்தியாவின் மலிவுத் துணி அமெரிக்கச் சந்தையில் அன்று ஏராளமாக விற்றது. 1816-இல் காங்கிரசு சுங்கச் சட்டம் செய்தபோது லோவல் தலைநகருக்குச் சென்று உறுப்பினர்களை நெருங்கிப் பேசி ஒரு தந்திரமான விதியைச் சேர்க்கச் செய்தார். பருத்தித் துணிக்கு வரி நூற்றுக்கு 25. ஆனால் சதுர கஜம் 25 சென்டுக்குக் குறைவான எந்தத் துணியையும் 25 சென்ட் என்றே மதிப்பிட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சென்ட் துணிக்கும் வரி 6¼ சென்ட். சொல்வது நூற்றுக்கு 25. விழுவது நூற்றுக்கு 62½! உயர்ந்த துணியை விற்ற ஆங்கிலேயனுக்கு அடி மெல்ல விழுந்தது; மலிவுத் துணி நெய்த இந்தியனின் முதுகிலோ முழுப்பலத்துடன் இறங்கியது. அவனுக்கு அந்த அவையிலும் குரல் இல்லை, தன் ஊரிலும் அவை இல்லை.

1816-இல் இது நடைபாதைப் பேச்சால் நடந்தது. 1831-இல் ஆப்பிள்டன் நடைபாதையோடு நிற்காமல், தேர்தலில் நின்று, பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தார். 1832-இல் சுங்க வரியைக் காத்து அவையில் எழுந்து பேசினார். அவர் பேசியது தம் துணிக்காகத்தான்; ஐயமில்லை. அவர் ஆலைகள் தின்ற பஞ்சு தென்மாநிலத்து அடிமைகள் பறித்த பஞ்சு என்பதையும் மறைக்க முடியாது. அவரை நான் உத்தமர் என்று கொண்டாடவில்லை. ஆனால் தம் நலத்தை அவர் வெளிச்சத்தில் வைத்துப் பேசினார். அந்த வரியால் அடிபட்ட தென்மாநில உறுப்பினர்கள் அதே அவையில் எழுந்து முகத்துக்கு நேரே மறுத்தார்கள். மறுப்பு இன்றும் ஏட்டில் இருக்கிறது. நடைபாதையில் லோவல் பேசியதற்கு யார் மறுப்புச் சொன்னார்? தன்னலமே ஆனாலும் அது அவைக்குள் வந்து உட்காரட்டும் என்கிறேன்.

"கடலுயிரியல் படிக்கும் உனக்கு நாற்காலியின் மேல் ஏன் இவ்வளவு ஆசை?" என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். என் வீடு ஹேவ்லாக் தீவில் இருக்கிறது. இராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர் என் தந்தையார். கோவிந்தநகர் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். தீவில் நிலம் பெற்றுக் குடியேறியவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள். அந்தமான் நிக்கோபார் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பதினைந்து பேர் போலத் தமிழர். கடையில் விற்கும் ஆணி முதல் கல்யாணத்துக்கு உடுத்தும் சேலை வரை எல்லாம் சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வந்து, மறுபடி படகேறி எங்களிடம் வரவேண்டும். மின்சாரமும் கப்பலில் வரும் டீசலால்தான்.

சட்டமும் அப்படித்தான் வருகிறது. எங்கள் ஒன்றியப் பகுதிக்குச் சட்டமன்றம் இல்லை. துணைநிலை ஆளுநர் உண்டு, பஞ்சாயத்துகள் உண்டு, மக்களவைக்கு ஓர் உறுப்பினர் உண்டு. அந்த ஒருவரையும் வாக்களித்து அனுப்பும் உரிமை 1967-இல்தான் கிடைத்தது, அதுவரை நியமனம். அரசியலமைப்பின் 240-ஆம் பிரிவின்படி எங்களுக்கான ஒழுங்குவிதிகளைக் குடியரசுத் தலைவர் பிறப்பிக்கலாம். விதி வரும், கப்பலில் வரும் அரிசி மூட்டையைப் போல இறங்கும். "இது ஏன்?" என்று எழுந்து கேட்க ஊரில் ஒரு மன்றம் இல்லை.

ஒரு வேடிக்கை பாருங்கள். 1857 எழுச்சியை அடக்கிய தளபதிகள் பலரின் பெயர்களை ஆங்கிலேயர் எங்கள் பக்கத்துத் தீவுகளுக்குச் சூட்டினர். ஹேவ்லாக் ஒருவர், பக்கத்துத் தீவின் நீல் மற்றொருவர். அந்த நீலுக்கு மவுண்ட் ரோட்டில் ஒரு சிலை நின்றது. 1927-இல் தொண்டர்கள் அதை எதிர்த்துச் சிறை சென்றார்கள். 1937-இல் இராசாசி அமைச்சரவை வந்ததும் அது அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. கேட்க ஓர் அவை இருந்தது, செய்ய ஓர் அமைச்சரவை இருந்தது. எங்கள் தீவுகளின் பெயர்களோ 2018 டிசம்பர் 30 வரை நின்றன. அன்று பிரதமர் வந்து சுவராஜ் தீவு, சாகித் தீவு என்று அறிவித்துச் சென்றார். ஹேவ்லாக்குக்காக நான் கண்ணீர் விடவில்லை. சுவராஜ் என்ற பெயரை எங்களுக்குச் சூட்டும் முன் விவாதித்து வாக்கெடுக்க எங்களுக்கென்று ஒரு மன்றம் இல்லாமற் போயிற்றே என்று மட்டும் சொல்கிறேன்.

தொழிற்கதையும் அப்படியே. அந்தமானில் ஆலை என்று சொல்ல இருந்தவை மர ஆலைகள்: ஒட்டுப்பலகை, தீக்குச்சிக்கான சில்லு, அறுப்பு மில். 2002 மே 7-இல் உச்ச நீதிமன்றம் காட்டை வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. கடலும் காடும் படிக்கும் நான் அத்தீர்ப்பைத் தவறென்று சொல்ல மாட்டேன். மண் கரைந்து கடலுக்குள் வந்தால் பவளப்பாறை என்ன ஆகும் என்பது எனக்குப் பாடம். ஆனால் மர ஆலையில் கை தேர்ந்தவனுக்கு அடுத்து என்ன தொழில் என்பதைப் பேசித் தீர்க்க ஓர் இடம் வேண்டாமா? தீர்ப்பு வரலாம், தீர்ப்புக்குப் பின் வாழ்வு எப்படி என்பதை வகுக்க அவைதான் வேண்டும். விடை சொல்லும் நாற்காலியே இல்லாத ஊரிலிருந்து வந்த எனக்கு, அந்த நாற்காலி தேடி வந்தபோது வேண்டாம் என்ற பெரியவர் மீது ஒரு மனத்தாங்கல் எழுந்தால் அது குற்றமா?

என் வாதத்துக்கு இடறலாக இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது 1921. சென்னைப் பக்கிங்காம்–கர்நாடிக் ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. திரு.வி.க. போன்றோர் தொழிலாளர் பக்கம் நின்றனர். ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பவே புளியந்தோப்பில் கலகம் மூண்டது. அப்போது நீதிக்கட்சித் தலைவர்கள், அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடருக்குச் சலுகை காட்டுவதே கலகத்துக்குக் காரணம் என்று பழி சுமத்தினார்கள். தியாகராயரும் அப்பக்கமே நின்றார். எல்லா ஒடுக்கப்பட்டோருக்கும் குரலாவோம் என்று தொடங்கிய கட்சியை விட்டு எம். சி. ராஜா 1923-இல் விலகினார். தறியை அறிந்தவர் என்றேன். தறியை உடையவராக இருந்து அறிந்தவர் அவர். குழிக்குள் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவனின் அறிவு வேறு. ஆகவே ஆலை அதிபர் அவைக்குச் சென்றால் போதாது. அவர் எதிரே ஆலைத் தொழிலாளியும் உட்கார வேண்டும்.

இரண்டாவது, ஆர். வெங்கடராமன். 1957 முதல் பத்தாண்டு தமிழகத்தின் தொழில் அமைச்சர். கிண்டித் தொழிற்பேட்டை அவர் காலத்தது. தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சியை எழுதும் எவரும் அவர் பெயரை விட முடியாது. அவரோ வழக்கறிஞர்! அதே காலத்தில் சட்டமன்றத்தில் பொள்ளாச்சி நா. மகாலிங்கம் இருந்தார்: பொறியியல் படித்தவர், பேருந்துத் தொழில் குடும்பத்தவர், சக்தி சர்க்கரை ஆலையை எழுப்பியவர். அமைச்சர் நாற்காலியில் இருந்தவர் வழக்கறிஞர்; ஆலை கண்டவர் உறுப்பினர் வரிசையில். "அப்படியானால் உன் வாதம் வீழ்ந்ததே" என்பீர்கள். பாதி வீழ்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். தொழில் தெரியாதவரும், விடை சொல்லக் கடமைப்பட்ட இடத்தில் உட்கார்ந்தால், தெரிந்துகொண்டு செய்துவிடுகிறார். அதனால்தான் தொழில் தெரிந்தவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஏக்கம் எனக்கு மிகுகிறது.

தியாகராயருக்கு ரிப்பன் மாளிகையில் சிலை இருக்கிறது. நாற்பதாண்டு உழைத்த இடம், பொருத்தந்தான். அங்கே அவர் தலைவராகவும் இருந்தார், கேள்விக்கு விடை சொல்பவராகவும் இருந்தார். ஓர் அணாச் சிற்றுண்டி அங்கேதான் பிறந்தது. கோட்டையில் அப்படி ஒன்றை அவர் தம் பெயரால் செய்து நிறுத்தாமைக்கு, 1920 டிசம்பரில் சொன்ன அந்த "வேண்டாம்" தான் காரணம் என்று நான் வாதிடுவேன்.

மன்றத்தின் அடுத்த பட்டிமண்டபத்துக்கு இதையே தலைப்பாக வைக்குமாறு செயலாளரைக் கேட்டிருக்கிறேன். அவர் மறுத்தது சரியே என்று பேசுவதற்கு மூவர் தேவை. வேதியியல் துறையில் ஒருவர் ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறார். இன்னும் இருவர் வேண்டும்.